பிரேக் போடாத கார்

"ஹாரன் கேட்டுச்சு மேடம். பிரேக் கேக்கல."

சலவைக் கடை வாசலில் நின்று அந்தப் பெண் சொன்னாள். போன வாரம் அந்தத் தெருவில் கார் மோதி இறந்துபோன சலவைக்காரரின் தங்கை. கடையில் அண்ணன் துணி தேய்ப்பார், தங்கை பிய்ந்த பட்டனைத் தைத்துக் கொடுப்பாள். இப்போது இஸ்திரிப் பெட்டி ஆறிக் கிடந்தது. அலமாரியில் மடித்து வைத்த மூட்டைகள் அப்படியே இருந்தன. துணியை வாங்கிப் போக வேண்டியவர்கள் இவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் எதிர்ப்பக்கமாக நடந்து போனார்கள்.

அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவரை ஊரில் வக்கீலம்மா என்பார்கள். கோர்ட் படி ஏறுவதை விட்டுவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. கறுப்புக் கோட்டு போனாலும் பெயர் போகவில்லை. கூடவே சுற்றும் உதவியாளனுக்குப் பெயர் கியர். நாற்பதைத் தாண்டியவன். முன்பு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தான். "என்கிட்ட கத்துக்கிட்டவங்க பாதிப் பேர் இப்ப பஸ்லதான் போறாங்க" என்று அவனே சொல்லிக்கொள்வான்.

"அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?" வக்கீலம்மா கேட்டார்.

"உள்ள, தையல் மெஷின்ல. மத்தியானம், தெருவுல ஈ காக்கா இல்ல. எதிர்வீட்டுல மூட்டையைக் குடுத்துட்டு வரேன்னு போனார். நீளமா ஒரு ஹாரன். அப்புறம் ஒரு சத்தம்." அதற்கு மேல் அந்தச் சத்தத்தை அவள் விவரிக்கவில்லை. "ஓடி வந்தேன். அண்ணன் அங்க கிடந்தார்."

"கார்ல யார் இருந்தாங்க?"

"காரை யார் மேடம் பார்த்தா? நான் அண்ணனைத்தான் பார்த்தேன். கூட்டம் கூடி, வண்டியில தூக்கிப் போட்டு, எல்லாம் முடிஞ்சு நிமிர்ந்து பார்த்தா அந்த டைல்ஸ் கடை மேனேஜர் காருக்குப் பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்கறார். நான்தான் ஓட்டினேன், கவனிக்கலன்னு போலீஸ்ல சொல்லிட்டார். விபத்துன்னு எழுதிட்டாங்க."

"நீங்க நம்பல."

"அதுக்கு முந்தின வாரம் அவரோட கோட்டு தேய்க்கும்போது லேசா கருகிப்போச்சு. இதே வாசல்ல நின்னு கத்தினார். இனிமே நீ எப்படித் தெருவுல நடமாடறேன்னு பார்க்கறேன்னார்." அவள் சாலையைக் காட்டினாள். "பார்த்துட்டார் மேடம்."

கியர் சாலையின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் போலீஸ் எடுத்த படங்களின் நகல். நேர்ச்சாலை. காய்ந்த தார். டயர் தேய்ந்த தடம் ஒரு விரல் நீளத்துக்குக்கூட இல்லை.

"கியர், காருக்குக் குறுக்க ஒருத்தர் வந்தா ஓட்டறவன் கால் என்ன பண்ணும்?"

"மூளையைக் கேக்காமலே பிரேக்கை மிதிக்கும்கா. அதை மட்டும் நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததே இல்ல. கார்ல ஏறும்போதே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

"அந்த ஆளைக் கவனிக்கலன்னா ஹாரன் எதுக்கு அடிச்சார்? கவனிச்சார்னா பிரேக் எங்க போச்சு?"

கியர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். வழக்கமாக உடனே வந்து விழும் கிண்டல் வரவில்லை. தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப வேணும்னேதான்" என்றான் மெதுவாக.

*

மேனேஜரின் காருக்கு இன்சூரன்ஸ் போட்டிருந்த கம்பெனியின் மாடிப்படியில் ஒரு பெரிய விளம்பரம் ஒட்டியிருந்தது. சிரித்த முகமாக ஒரு குடும்பம், ஒரு சிவப்புக் கார். நன்றாக ஓட்டுங்கள், குறைவாகக் கட்டுங்கள்.

"நம்ம வண்டிக்கும் இதைப் போட்டுடலாம்கா. சின்னப் பெட்டி ஒண்ணு மாட்டுவான். நாம எப்படி ஓட்டறோம்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். ஒழுங்கா ஓட்டினா பிரீமியம் குறையும்."

"எங்க போறோம்னும் பார்க்குமா?"

"பார்க்கும். பார்த்துட்டுப் போகட்டுமே. நம்ம வண்டி போற இடத்தையெல்லாம் பார்த்தா அதுக்கே வாழ்க்கை வெறுத்துடும்."

"நாம இன்னொருத்தர் பின்னால போறதுக்குச் சம்பளம் வாங்கறோம். நம்ம பின்னால ஒருத்தன் வரதுக்குத் தள்ளுபடியா?"

"கணக்கு நேராகிடும்ல?"

வக்கீலம்மா படி ஏறினார்.

நஷ்ட ஈட்டுப் பிரிவின் அதிகாரி அவரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். வக்கீலம்மா கோர்ட்டில் இருந்த காலத்தில் அவரிடம் பலமுறை குட்டுப்பட்ட மனிதர். ஆனால் இன்று அவர் முகத்தில் ஓர் ஆர்வம் தெரிந்தது.

"வேணும்னே இடிச்சிருந்தா எங்க கம்பெனி பொறுப்பில்லைங்கம்மா. உங்களுக்கு எது வேணும்னாலும் காட்டறேன்" என்றபடி கம்ப்யூட்டரைத் திருப்பினார்.

திரையில் ஊரின் வரைபடம். மேனேஜரின் கார் அன்று போன வழி ஒரு பச்சைக் கோடாக ஓடியது.

"பச்சைன்னா நல்ல ஓட்டு. பட்டுன்னு பிரேக் அடிச்சா, வெட்டித் திருப்பினா, அந்த இடத்துல சிவப்புப் புள்ளி விழும். கார் உள்ளயே பெட்டி பீப்னு ஒரு சத்தம் குடுக்கும். ஓட்டறவர் உஷாராகணும்ல. பாலிசி எடுத்தவர் போனுக்கும் எல்லாம் போயிடும்."

வக்கீலம்மாவின் விரல் சலவைக் கடைத் தெருவைத் தொட்டது. கோடு பச்சையாக இருந்தது. கடை வாசலிலும் பச்சை. அதைத் தாண்டியும் பச்சை.

"வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, கொஞ்சம் தள்ளிப் போய் அழகா நிறுத்தியிருக்கார்" என்றார் அதிகாரி. சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்த சொல் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "அது... கம்ப்யூட்டர் அப்படித்தான் எடுத்துக்கும். அன்னிக்கு சாயந்திரம் அவருக்குப் பாராட்டுச் செய்தி வேற போயிருக்கு. தானாப் போறது. அதுக்கு ஆள் செத்ததெல்லாம் தெரியாது."

கியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இந்தக் கார் எப்பவும் இவ்வளவு பச்சையா?"

"இல்லைங்க. பெட்டி மாட்டின புதுசுல அம்மை போட்ட மாதிரி ஒரே சிவப்பு. இப்ப கொஞ்ச மாசமா ஒரு புள்ளி கிடையாது. மனுஷன் திருந்திட்டார்."

"இந்த வயசுக்கு மேல கார் ஓட்டறதுல திருந்தின ஆம்பளையை நான் பார்த்ததில்ல" என்றார் வக்கீலம்மா. "பாலிசியில ஓட்டறவங்க யார் யார்?"

"அவர் ஒருத்தர்தான். இன்னொருத்தர் பேரைச் சேர்த்தா பிரீமியம் ஏறும்."

*

மேனேஜரின் வீட்டில் செருப்புகள்கூட வரிசையாக, முனை ஒரே பக்கம் பார்த்து நின்றன. கூடத்து மேஜையில் ஒரு சிறுமி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் வந்ததற்கு அவள் தலை நிமிரவில்லை. வாசலில் அந்தக் கார் நின்றது. முன்பக்கத்து நெளிவை நிமிர்த்திப் புது வண்ணம் அடித்திருந்தார்கள்.

மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "நடந்தது துரதிர்ஷ்டம். நான் எதையும் மறைக்கல. மறைக்கறவன் இந்தப் பெட்டியை மாட்டுவானா?" போனை எடுத்து நீட்டினார். பச்சைக் கோடுகள். "யாரோ பார்க்கறாங்கன்னா என்ன? தப்புப் பண்றவன்தான் பயப்படணும். பார்க்க ஆள் இருந்தாத்தான் ஜனங்க ஒழுங்கா இருப்பாங்க. என் கடையிலயும் அப்படித்தான், வீட்லயும் அப்படித்தான்."

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

"ஹாரன் அடிச்சீங்களா சார்?"

"அடிச்சேன்."

"பிரேக்?"

"முழு பலத்தோட மிதிச்சேன். அதுக்குள்ள விழுந்துட்டார்."

"பெட்டி எத்தனை தடவை கத்துச்சு?"

மேனேஜர் புருவத்தைச் சுருக்கினார். "பெட்டியா? அது எதுக்குக் கத்தப்போகுது? அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கும்."

மேஜையில் பென்சில் நின்றது. சிறுமி முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "நீ எழுது" என்றாள்.

தெருவுக்கு வந்ததும் கியர் வாயைத் திறந்தான். "முழு பலத்தோட மிதிச்சாராம். பெட்டி இல்லைங்குது. பொய் சொல்றதுக்கு முன்னால போனையாவது நல்லாப் பார்த்திருக்கலாம்."

"அதைவிடப் பெரிய பொய் ஒண்ணு இருக்கு. அந்தப் பெட்டி பீப்னு கத்தும்னு அவருக்கே தெரியல. குழந்தைக்குத் தெரியுது."

கியர் நின்றுவிட்டான். "அப்படின்னா... அந்தக் காரை அவர் ஓட்டறதே இல்ல."

"கடை வண்டியில போவார் வருவார். இதை ஓட்டறது அந்தம்மா."

"சம்சாரத்துக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டாரா? பரவாயில்லையே, மனுஷனுக்குள்ள ஈரம் இருக்கு."

"பாலிசியில அவர் பேர் மட்டும்தானே இருக்கு? ஓட்டினது வேற ஆள்னு தெரிஞ்சா கம்பெனி கையைக் கழுவிடும்."

"அப்ப அது பாசம் இல்ல. தள்ளுபடி." கியர் திரும்பி அந்த வீட்டைப் பார்த்தான். "ஆனா அக்கா, கோட்டு கருகினது புருஷனுக்கு. இந்தம்மாவுக்கு அந்த சலவைக்காரர் மேல என்ன பகை?"

"அதைத்தான் கேக்கணும்."

*

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு, மேனேஜர் வீட்டுக் கார் கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் வக்கீலம்மா கையைக் காட்டினார்.

"ஸ்கூல் பக்கம்தான் போகணும். ஏறிக்கலாமா மா?"

மேனேஜரின் மனைவிக்கு வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை போலிருந்தது. கியர் முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். வக்கீலம்மா பின்னால்.

கார் நகர்ந்தது தெரியவில்லை. விளிம்பு வரை நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதுபோல் அவள் ஓட்டினாள். கியர் திரும்பி, "இவ்வளவு நல்லா ஓட்டறீங்க, யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றான். மார்க்கெட் ரோடு சிக்னல் தெரிந்தது. பச்சை மஞ்சளானது. மஞ்சள் சிவப்பானது.

"சிவப்பு மா... சிவப்பு!"

அவள் ஹாரனில் கையை வைத்து அழுத்தினாள். கார் அதே வேகத்தில் சந்திப்பைக் கடந்தது. பக்கவாட்டில் கிளம்பிய ஒரு வேன் குலுங்கி நின்றது. கியரின் வலது கால் காரின் தரையை ஓங்கி மிதித்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கம் இன்னொரு பிரேக் இருக்கும். இங்கே வெறும் தரைதான்.

"ஏன் நிறுத்தல?" அவன் குரல் கீச்சிட்டது.

"நிறுத்தணும்னா அழுத்தி மிதிக்கணும்" என்றாள் அவள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல்.

கியர் அதை யோசித்து முடிக்கவில்லை. சந்திலிருந்து ஒரு சைக்கிள் வெளியே வந்தது. பின்னால் சுருட்டிக் கட்டிய மெத்தை, அதற்கு மேல் தலையணைகள். ஓட்டுபவர் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஹாரன் அலறியது. அவளுடைய கால் பிரேக் மேல்தான் இருந்தது. வக்கீலம்மா எட்டிப் பார்த்தார். கால் பிரேக்கை மெல்ல, மிக மெல்ல அழுத்திக்கொண்டிருந்தது. முன்கண்ணாடி முழுக்க அந்த சைக்கிள்தான் தெரிந்தது.

கியர் கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

கார் கிறீச்சிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. தலையணை ஒன்று முன்பக்கத்தில் வந்து விழுந்தது. பீப்.

மெத்தைக்காரர் முழுசாக நின்றுகொண்டு எல்லோருடைய பரம்பரையையும் திட்டினார். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு போனார். அவள் அவரைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே மினுக்கிய ஒரு சின்ன விளக்கையே பார்த்தாள்.

"விழுந்துடுச்சு" என்றாள்.

"யாரும் விழல மா. முழுசாத்தான் போயிட்டார்" என்றான் கியர்.

"புள்ளி. சிவப்புப் புள்ளி விழுந்துடுச்சு." அவள் அந்த விளக்கைக் கையால் மூடினாள். "சாயந்திரம் அவர் பார்ப்பாரே."

வக்கீலம்மா முன்னால் சாய்ந்து அவள் தோளில் கை வைத்தார்.

"பார்த்தா என்ன பண்ணுவார்? அடிப்பாரா?"

"கை வைக்க மாட்டார். கேப்பார்." அவள் கண்ணாடியைப் பார்த்தே பேசினாள். "இந்த இடத்துல என்ன பிரேக்கு? எதைப் பார்த்துக்கிட்டு ஓட்டின? யாரைப் பார்த்துக்கிட்டு ஓட்டின? நான் சொல்ற பதில் சரியா வர வரைக்கும் கேப்பார். சரியான பதில் எதுன்னு எனக்குத் தெரியாது. கேட்டு முடியற வரைக்கும் யாரும் சாப்பிடக் கூடாது. பாப்பாவும்தான். அவ எதிர்லயே நிப்பா. ஒருநாள் நின்னுக்கிட்டே தூங்கி விழுந்துட்டா. அதுக்கு அப்புறம்தான் நான் கத்துக்கிட்டேன்."

"எதை?"

"அழுத்தாம ஓட்ட."

ஒரு பஸ் கடந்து போய், காரை ஆட்டிவிட்டுப் போனது.

"அன்னிக்கு சலவைக்காரர் குறுக்க வந்தது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். மூட்டையோட வந்தார். ஹாரன் அடிச்சேன். உடனே பிரேக்கை மிதிச்சேன். மெதுவா..." அவள் வலது உள்ளங்கையைக் காற்றில் கீழே இறக்கிக் காட்டினாள், தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல். "மெதுவாத்தான் மிதிச்சேன். பீப் வரல."

"புருஷன் எப்ப வந்தார்?"

"நான்தான் போன் பண்ணினேன். கடை அடுத்த தெருதானே. வந்ததும் காரை விட்டு இறங்கி வீட்டுக்கு நடன்னார். நடந்தேன். சாயந்திரம் போனை எடுத்துப் பார்த்தார். எல்லாம் பச்சை. அன்னிக்கு அவர் ஒண்ணுமே கேக்கல." அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அன்னிக்கும் நாங்க மூணு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டோம்."

வக்கீலம்மா கொலைகாரனைப் பிடித்துத் தருகிறேன் என்று ஒரு தங்கையிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பிடித்த இடத்தில் இப்படி ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை.

"நான் உன்னை எங்கயும் இழுத்துக்கிட்டுப் போக மாட்டேன். ஆனா நாளைக்கு இதே கார்ல பாப்பாவை வெச்சுக்கிட்டு இதே காலோடதான் ஓட்டுவ. எனக்கு அதுதான் பயம்."

மேனேஜரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து போனை எடுத்துத் தன் தங்கையிடம் பேசினாள். "பாப்பாவை ஸ்கூல்லேருந்து நீ கூட்டிட்டுப் போ. உன் வீட்லயே வெச்சுக்கோ. இல்ல, அவருக்குச் சொல்லாத. சித்தி வீட்டுக்குன்னா அவ சந்தோஷமா வருவா." பிறகு கதவைத் திறந்து இறங்கி, கியர் பக்கம் வந்து நின்றாள்.

"நீங்க ஓட்டறீங்களா? எனக்குக் கால் வரல."

*

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கார் நின்றதும் அவள் போன் அலறியது. மேனேஜரின் குரல் வெளியே எல்லோருக்கும் கேட்டது.

"மார்க்கெட் ரோட்ல எதுக்கு அப்படி ஒரு பிரேக்கு? ஸ்கூலுக்குப் போகாம ஸ்டேஷன் வாசல்ல வண்டி என்ன பண்ணுது? கேக்கறேன்ல? யார் ஓட்டறது?"

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்திய இடைவெளியில் சொன்னாள். "இப்ப ஓட்டறது நான் இல்லீங்க. அன்னிக்கு ஓட்டினதுதான் நான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுப் படியேறினாள்.

வக்கீலம்மா கூப்பிட்டு அனுப்பியதில் சலவைக்காரரின் தங்கை அரக்கப் பரக்க வந்து சேர்ந்தாள். வராந்தா பெஞ்சில் அவளை உட்காரவைத்து, வக்கீலம்மா ஒன்றையும் விடாமல் சொன்னார்.

"அப்ப கொலை இல்லையா?"

"இல்ல."

"விபத்தா?"

"அப்படிச் சொல்லவும் எனக்கு வாய் வரல. இன்னொண்ணு. உண்மை வெளிய வந்தா இன்சூரன்ஸ்காரன் பாலிசியைக் காட்டி நஷ்ட ஈட்டுக்கு உங்களை இழுத்தடிப்பான். கோர்ட்ல நான் கூட நிப்பேன். பழைய கோட்டு இன்னும் இருக்கு."

தங்கை அதைக் காதில் வாங்கினாளா தெரியவில்லை. எழுந்து உள்ளே போனாள். அங்கே ரைட்டர் எழுதிக்கொண்டிருக்க, எதிரில் மேனேஜரின் மனைவி நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கையைக் கண்டதும் நிறுத்தினாள். அவளை முன்பு பார்த்ததில்லை. ஆனாலும் யார் என்று தெரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கவில்லை.

"எங்க அண்ணனை நீங்க பார்த்தீங்க" என்றாள் தங்கை.

"பார்த்தேன்."

"அவர் உங்களைப் பார்த்தாரா?"

மேனேஜரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். இதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி.

"பார்த்தார். ஹாரன் கேட்டுத் திரும்பினார். நான் வேகத்தைக் குறைக்கறது அவருக்குத் தெரிஞ்சுது. நான் நிறுத்திடுவேன்னு..." அவள் தன் கையைத் தூக்கினாள். "ஓடல. ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். நன்றி சொல்றவங்க காட்டுவாங்களே, அந்த மாதிரி. லேசா சிரிச்சார்."

ரைட்டரின் பேனா நின்றுவிட்டது. இது வாக்குமூலத்தில் சேர்த்தியா இல்லையா என்பதுபோல் அவர் வக்கீலம்மாவைப் பார்த்தார்.

தங்கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எல்லா வண்டிக்கும் அப்படித்தான் கை காட்டுவார்" என்றாள். "எல்லாரும் நிறுத்துவாங்க."

பிறகு ரைட்டர் பக்கம் திரும்பினாள்.

"அதையும் எழுதுங்க சார்."